கண் மங்கலுக்கு போனேன், காப்பாத்துனது சுகவாழ்வு மையம் – என் ரிவ்யூ

ரேட்டிங் 5க்கு நாலரை. அரை மார்க் எதுக்கு குறைச்சேன்னு கீழ சொல்றேன். எந்த ஊரு ஆஸ்பத்திரின்னு வேணும்னேதான் எழுதல, அந்த ரூம் வாசல்ல உக்காந்திருக்கறவங்கள நாளைக்கு யாரும் அடையாளம் பாத்து பேசிடக் கூடாது. ஆனா தமிழ்நாட்டுல மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி எதுக்கு போனாலும் இந்த ஓபி இருக்கும், பால்வினை நோய்க்குன்னே தனியா வெச்சிருக்காங்க, பேரு சுகவாழ்வு மையம், மத்த ஸ்டேட்ல சுரக்ஷா கிளினிக்னு சொல்றாங்க. இத்தன வருஷம் அந்த ஆஸ்பத்திரிக்கு போய் வந்துட்டு இருக்கேன், அந்த போர்டு கண்ணுல பட்டதே இல்ல.

நான் நகைப் பட்டறையில கல்லு பதிக்கிற வேலை பாக்கறேன். மூக்குத்தி, தோடு மாதிரி சின்ன ஐட்டம்தான் என் கைக்கு வரும். கண்ணு போச்சுன்னா எனக்கு சோறு இல்ல. வலது கண்ணு மொதல்ல லேசா சிவந்துச்சு, வெளிச்சத்த பாத்தா கூசும், அப்புறம் கல்லை பிடிக்கற அந்த சின்ன கம்பிமுனை இருக்குல்ல, அது புகைமூட்டமா தெரிய ஆரம்பிச்சுது, லென்ஸ துடைச்சு துடைச்சு பாக்கறேன் லென்ஸ்ல ஒண்ணும் இல்ல, கருப்பு கருப்பா புள்ளி மிதக்குது, வெள்ளை சுவத்த பாத்தா அதுலயும் கூடவே நகருது.

பட்டறையில எல்லாரும் சொன்னது மெட்ராஸ் ஐ. மெடிக்கல் ஷாப்ல கேட்டதுக்கு ஒரு சொட்டு மருந்து குடுத்தாங்க. அது கேக்காம ஒரு தனியார் கிளினிக் போனா அங்க ஸ்டீராய்டு சொட்டு எழுதுனாங்க, பேர் போட மாட்டேன், அது வேணாம். ஸ்டீராய்டு விட்டதும் சிவப்பு குறைஞ்சுது, நானும் நிம்மதியா இருந்தேன், சொட்டு நிறுத்துனதும் முன்னாடி இருந்தத விட மோசமா திரும்பி வந்துச்சு, இந்த தடவ இடது கண்ணையும் சேத்து புடிச்சுக்குச்சு. ஒரு ரத்த டெஸ்ட்டு கூட யாரும் எழுதல. இதுல எனக்கு இன்னிக்கு வரைக்கும் கோவம் இருக்கு.

மெட்ராஸ் ஐக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு அப்புறம் டாக்டர் சொல்லித்தான் தெரியும், அத இங்கயே சொல்லிடறேன். மெட்ராஸ் ஐல கண்ணு சிவக்கும், தண்ணியா ஊத்தும், பீளை கட்டும், உறுத்தும், வீட்டுல நாலு பேருக்கு வரும், ஆனா பீளைய துடைச்சுட்டு பாத்தா பார்வை கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்கும், ஒரு வாரம் ரெண்டு வாரத்துல போயிடும். கண்ணுக்கு உள்ளார்ந்து வலி, வெளிச்சம் கூசுறது, பார்வை மங்குறது, புள்ளி மிதக்கறது, இதுல எது வந்தாலும் அது மெட்ராஸ் ஐ கணக்குல வராது, மெடிக்கல் ஷாப் சமாச்சாரமே இல்ல, அன்னிக்கே கண் டாக்டர்ட்ட போகணும்.

சரி, ஜிஎச் கண் ஓபிக்கு வரேன். கூட்டம் இருந்துச்சு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா மிஷின்ல தாடைய வெச்சு நெத்திய ஒட்டி உக்கார வெச்சு அந்த சின்ன வயசு டாக்டரம்மா பாத்த நேரம் இருக்கே, அதுவரைக்கும் யாரும் என் கண்ண அவ்வளவு நேரம் பாத்ததில்ல. "செல்ஸ் நிறைய இருக்கு"ன்னு பக்கத்துல எழுதறவங்கட்ட சொன்னாங்க. கண்ணுல சொட்டு விட்டு கண் பாப்பா விரியற வரைக்கும் பெஞ்சுல உக்கார வெச்சு மறுபடி பின்பக்கம் வரைக்கும் பாத்தாங்க, யுவியைடிஸ்னு சொன்னாங்க, கண்ணுக்குள்ள அழற்சி, முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் இருக்குன்னாங்க. அப்புறம் பெரிய டாக்டர் வந்தார். வந்ததும் கண்ண பாக்கல, என் கைய விரிச்சு பாத்தார்.

"தம்பி, உள்ளங்கையில உள்ளங்கால்ல எப்பவாச்சும் செகப்பா தடிப்பு மாதிரி வந்துச்சா?"

வந்துச்சு. அரிப்பு இல்ல, வலி இல்ல, சூடுன்னு நெனச்சேன், தானா போயிடுச்சு. அதுக்கும் முன்னாடி கீழ ஒரு புண்ணு, அதுவும் வலியே இல்லாம வந்து தானா ஆறுனது. அவர் தலையாட்டிட்டு ரத்தத்துக்கு எழுதுனார், விடிஆர்எல், டிபிஹெச்ஏ (ரெண்டும் சிபிலிஸ்ங்கற பால்வினை நோய்க்கு பாக்கற டெஸ்ட்டு), ஹெச்ஐவி, கூடவே டிபி இருக்கான்னு மார்பு எக்ஸ்ரே, கையில ஒரு ஊசி. நம்ம ஊர்ல கண்ணுக்குள்ள அழற்சி வந்தா டிபியையும் சேத்து பாக்கணுமாம்.

ரிசல்ட்டு வந்துச்சு, சிபிலிஸ். விடிஆர்எல் 1:64 (பின்னாடி நம்பர் பெருசா இருந்தா நோய் வேகமா இருக்குன்னு அர்த்தம்). பெரியவங்க மேக நோய், கிரந்தின்னு சொல்லுவாங்களே, அதேதான். எனக்கு எப்படி வந்துச்சுங்கறது எங்க வீட்டுக்குள்ள பேசி முடிச்ச விஷயம், அது இங்க தேவையில்ல. அது கண்ணுக்கு போகும்னு எனக்கு மட்டுமில்ல, நான் கேட்ட ஒருத்தருக்கும் தெரியாதுங்கறதுதான் விஷயம். அந்த கிருமி ரத்தத்துல ஒடம்பு பூரா சுத்துது, கண்ணுல எந்த பாகத்துலயும் உக்காரும், கருவிழி, உள்ள இருக்கற படலம், விழித்திரை, கண் நரம்பு எதுவும் பாக்கி இல்ல. வந்த கொஞ்ச மாசத்துலயும் வரலாம், பல வருஷம் கழிச்சும் வரலாம். வேற வியாதி வேஷம் போடறதுல இத மிஞ்ச ஒண்ணு இல்லன்னு டாக்டர்மாரு சொல்றாங்க, அதனாலதான் ரத்தத்துல பாத்தே ஆகணும். வெறும் ஸ்டீராய்டு சொட்டு மட்டும் விட்டா மேல அமுங்குன மாதிரி தெரியும், உள்ள கிருமி அதும்பாட்டுக்கு வேலைய பாக்கும்.

அங்கிருந்துதான் சீட்ட குடுத்து சுகவாழ்வு மையத்துக்கு அனுப்புனாங்க. தோல் ஓபி தாண்டி காரிடார் கடைசியில ஒரு ரூம். வாசல்ல நின்னுட்டு உள்ள போகவா திரும்பவான்னு கால் ரெண்டும் நகரல. கவுன்சிலர் மேடம் வெளிய வந்து டோக்கன் நம்பர மட்டும் கூப்டாங்க, பேர் கூப்டல. உள்ள ஒரு டேபிள், ரெண்டு நாற்காலி, பின்னாடி ஸ்க்ரீன், ஒரு அலமாரி. அதுல கலர் கலரா மருந்து பாக்கெட், சாம்பல், பச்சை, வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு. எந்த தொந்தரவுக்கு எந்த கலர்னு கணக்கு இருக்கு, மூத்திரப்பாதையில சீழ் வந்தா சாம்பல் கலரு, ஹெர்பிஸ் கொப்புளத்துக்கு சிவப்பு, இந்த மாதிரி. எல்லாம் ஃப்ரீ, கையிலயே குடுத்துடறாங்க, ஃபார்மசி க்யூல போய் நின்னு மருந்து பேர சத்தமா சொல்ல வேண்டியதில்ல. இத யோசிச்சு வெச்சவங்களுக்கு ஒரு கும்புடு.

அந்த மேடம் கேட்ட கேள்வியெல்லாம் நேர் கேள்வி. ஆனா ஒரு எடத்துல கூட மூஞ்சி சுளிக்கல, அட்வைஸ் பண்ணல, "ஏன் இப்படி"ன்னு ஒரு வார்த்த வரல. கதவு சாத்தி இருந்துச்சு, நடுவுல யாரோ உள்ள எட்டி பாத்தப்ப "பேஷண்ட் இருக்காங்க, அப்புறம் வாங்க"ன்னு அனுப்பிட்டு மறுபடி என் பக்கம் திரும்பி "நீங்க சொல்லுங்க"ன்னாங்க. எத்தனையோ பீஸ் கட்டி பாத்த எடத்துல இந்த மரியாதை கெடைக்கல.

ஹெச்ஐவிக்கு பக்கத்து ரூம், நம்பிக்கை மையம். டெஸ்ட்டுக்கு முன்னாடி பேசி, சம்மதம் வாங்கித்தான் ரத்தம் எடுக்கறாங்க, ரிசல்ட்ட என் கையிலதான் குடுப்பாங்க, வேற யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு 2017ல போட்ட சட்டமே இருக்காம். சிபிலிஸ் இருந்தா ஹெச்ஐவியும் கட்டாயம் பாக்கணும், ரெண்டும் ஒரே வழியில வர்றது, சிபிலிஸ் புண்ணு இருந்தா ஹெச்ஐவி ஏறுறது ஈஸி. எனக்கு இல்லன்னு வந்துச்சு, மூணு மாசம் கழிச்சு மறுபடி வர சொன்னாங்க, அப்பவும் இல்லன்னுதான் வந்துச்சு.

வைத்தியம் பத்தி கொஞ்சம் விளக்கமா எழுதறேன், ஏன்னா இங்கதான் நிறைய பேர் இடுப்புல ஒரு ஊசி போட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்கறாங்க. சாதாரண சிபிலிஸுக்கு அந்த இடுப்பு ஊசிதான், பென்சதீன் பெனிசிலின், ஆரம்ப நெலைன்னா ஒண்ணு, ரொம்ப நாளானதுன்னா இல்ல எப்ப வந்துச்சுன்னே தெரியலன்னா வாரத்துக்கு ஒண்ணு வீதம் மூணு. கண்ணுக்கு ஏறிட்டா அது பத்தாது. அந்த ஊசி மருந்து மூளை தண்டுவடம் கண்ணு பக்கமெல்லாம் தேவையான அளவுக்கு போய் சேராதாம். அதனால அட்மிட் பண்ணி நரம்பு வழியா கிரிஸ்டலைன் பெனிசிலின், 4 மணி நேரத்துக்கு ஒரு தடவ, ராத்திரி பகல்னு இல்லாம, 10லேருந்து 14 நாள். மூளையில தொத்து வந்தா குடுக்கற அதே வைத்தியம். எனக்கு முதுகுத்தண்டுல நீர் எடுத்தும் பாத்தாங்க, எல்லாருக்கும் அது தேவைப்படாதாம், தலைவலி, காது கேக்காம போறது மாதிரி வேற அறிகுறி இருந்தா எடுப்பாங்க, எனக்கு தலைவலி இருந்துச்சு.

மொதல்ல தோலுக்கடியில துளி மருந்து ஏத்தி அலர்ஜி இருக்கான்னு பாத்தாங்க. அன்னிக்கு ராத்திரி நடுக்கமும் காய்ச்சலும் தூக்கி அடிச்சுது, செத்தேன்னு நெனச்சேன். நைட் ட்யூட்டி சிஸ்டர் வந்து "பயப்படாதீங்க தம்பி, கிருமி மொத்தமா சாகும்போது இப்படித்தான் ஒடம்பு தூக்கிப் போடும், காலையில சரியாயிடும்"னு சொல்லி மாத்திரை குடுத்துட்டு போனாங்க, காலையில சரியாயிடுச்சு. விடியக்காலம் ரெண்டு மணி டோஸ ஒரு நாள் கூட அந்த வார்டுல தவற விடல, லைட்ட போட்டா மத்தவங்க எழுந்துடுவாங்கன்னு செல்போன் வெளிச்சத்துல கையில குத்தி வெச்ச வென்ஃபிளான் குழாய்ல மருந்த ஏத்துவாங்க. கண்ணுக்கு தனியா ரெண்டு சொட்டு, ஒண்ணு பாப்பாவ விரிச்சே வெச்சிருக்கறதுக்கு, இல்லன்னா அழற்சியில அது பின்னாடி லென்ஸோட ஒட்டிக்கும், இன்னொண்ணு ஸ்டீராய்டு, இந்த தடவ பெனிசிலினோட சேத்து, டாக்டர் கணக்குல.

1943லதான் மொதல் தடவையா பெனிசிலின் போட்டு சிபிலிஸ குணம் பண்ணாங்களாம், இத்தன வருஷம் ஆகியும் அந்த கிருமிக்கு பெனிசிலின எதிர்த்து நிக்க தெரியலன்னு பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ்ல ஸ்டூடன்ட்ஸ்கிட்ட சொன்னார். படுத்துட்டு கேட்ட எனக்கு அத விட பெரிய ஆறுதல் வேற எதுவும் இல்ல. தனியார்ல எவ்வளவு ஆயிருக்கும்னு கணக்கு போட்டு பாக்க கூட பயமா இருக்கு, இங்க மருந்துக்கும் பெட்டுக்கும் ஒத்த பைசா வாங்கல.

வலது கண்ணு பார்வை 6/36ல இருந்துச்சு, இப்ப 6/9 (6/6தான் சரியான பார்வை). ஒண்ணு ரெண்டு புள்ளி இன்னும் மிதக்குது, அது இருக்கும்னு சொல்லிட்டாங்க. திரும்ப கல்லு பதிக்கறேன்.

வீட்டுல சொல்றதுதான் எல்லாத்தையும் விட கஷ்டமா இருந்துச்சு. அந்த மேடம் ஒரு சீட்டு குடுத்தாங்க, வீட்டம்மாவ கூட்டிட்டு வர்றதுக்கு, அதுல வியாதி பேர் எதுவும் இல்ல. தனியா உக்கார வெச்சு அவங்கட்ட பேசுனாங்க, என்ன பேசுனாங்கன்னு நான் கேக்கல. அவங்களுக்கு ஒரு அறிகுறியும் இல்ல, ரத்தத்துல மட்டும் இருந்துச்சு, வாரம் ஒரு ஊசின்னு மூணு போட்டு முடிச்சாங்க. நான் மட்டும் வைத்தியம் பாத்து அவங்கள விட்டிருந்தா எனக்கு திரும்ப வந்திருக்கும், அவங்களுக்கும் கண்ணு வரைக்கும் போயிருக்கலாம். அதனால இந்த சீட்ட வாங்காம யாரும் அந்த ரூம விட்டு எழுந்திரிக்காதீங்க.

இன்னொண்ணு, கண்ணுக்கு போறது சிபிலிஸ் மட்டும் இல்ல. வார்டுல இருந்தப்ப டாக்டரம்மாட்ட நோண்டி நோண்டி கேட்டுட்டேன், அவங்களும் சலிக்காம சொன்னாங்க. வெட்டை நோய் இருக்கே, கொனோரியா, அந்த சீழ் பட்ட கை கண்ணுல பட்டா போதும், கண்ணு வீங்கி கெட்டியா சீழ் ஊத்தும், துடைக்க துடைக்க வரும், கண்டுக்காம விட்டா ஒண்ணு ரெண்டு நாள்லயே கருவிழி ஓட்டையாகிடலாம். அது நிஜமான எமர்ஜென்சி, ராத்திரின்னாலும் கேஷுவாலிட்டிக்கு ஓடணும், செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி போட்டு கண்ண சலைன் விட்டு கழுவிக்கிட்டே இருப்பாங்க. கிளமிடியா அதுக்கு நேர் எதிர், சத்தமே இல்லாம வாரக்கணக்குல ஒரு கண்ணு மட்டும் சிவந்தே இருக்கும், சொட்டு மருந்து மட்டும் விட்டா போகாது, மாத்திரை சாப்பிடணும், பார்ட்னரும் சாப்பிடணும்.

ஹெர்பிஸ் கருவிழியில மரக்கிளை மாதிரி கோடு கோடா புண்ணு போடும், உதட்டுல கொப்புளம் வருதே அந்த வகைதான் பெரும்பாலும் கண்ணுக்கு போறது, கீழ வர்ற வகையும் போகலாம். இதுல போய் கடையில வாங்குன ஸ்டீராய்டு சொட்ட விட்டா புண்ணு கருவிழி பூரா பரவிடும். சிவந்த கண்ணுக்கெல்லாம் ஸ்டீராய்டு சொட்டு குடுக்கற பழக்கம் நிக்கணும்னு நான் கத்தறதுக்கு இதான் காரணம்.

ஹெச்ஐவில எதிர்ப்பு சக்தி ரொம்ப கீழ, சிடி4ங்கற எதிர்ப்பு அணு எண்ணிக்கை 50க்கும் கீழ போனா சிஎம்வின்னு ஒரு வைரஸ் விழித்திரைய அரிக்கும், வலியே இருக்காது, திரை இறங்குற மாதிரி பார்வை போகும். ஹெச்ஐவிய அடக்கற ஏஆர்டி மாத்திரை ஒழுங்கா போட்டு அந்த அளவுக்கு இறங்காம பாத்துக்கிட்டா இத தடுத்துடலாம், அந்த மாத்திரையும் அரசு ஆஸ்பத்திரியில ஃப்ரீதான். சின்ன வயசுல நெத்தியில கண்ணு பக்கம் அக்கி வந்தா ஹெச்ஐவி பாக்கறாங்களாம், அதயும் கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன்.

எனக்கு மனசுல உக்காந்தது கொழந்தைங்க விஷயம். அம்மாவுக்கு கொனோரியா இருந்தா பொறக்கும்போதே கொழந்த கண்ணுல பட்டுடும், பொறந்து ரெண்டுலேருந்து அஞ்சு நாளைக்குள்ள இமை வீங்கி சீழ் வரும். கிளமிடியான்னா இன்னும் கொஞ்ச நாள் தள்ளி. ஜெர்மனியில லைப்சிக்னு ஒரு ஊர்ல 1880ல க்ரெடேன்னு ஒரு டாக்டர் பொறந்த ஒவ்வொரு கொழந்த கண்ணுலயும் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட ஆரம்பிச்சார், அவர் ஆஸ்பத்திரியில நூத்துக்கு பத்து கொழந்தைக்கு வந்துட்டு இருந்தது ஒண்ணுக்கும் கீழ எறங்கிடுச்சு. அம்மாவுக்கு சிபிலிஸ் இருந்து கவனிக்காம விட்டா கொழந்த நல்லா வளந்து ஸ்கூல் போற வயசுல கூட கருவிழி வெளுத்து போகலாம், காது கேக்காம போகலாம். மாசமா இருக்கும்போது எடுக்கற ரத்தத்துல விடிஆர்எல் ஹெச்ஐவி ரெண்டும் பாக்கறது இதுக்குத்தான். அந்த டெஸ்ட்ட எழுதுனா "எங்கள பாத்தா எப்படி தெரியுது"ன்னு நர்ஸம்மாகிட்ட சண்டைக்கு போறவங்கள நானே பாத்திருக்கேன், தயவுசெஞ்சு போகாதீங்க, எல்லா கர்ப்பிணிக்கும் எடுக்கறதுதான் அது.

இப்ப அந்த அரை மார்க். ஒண்ணு, வழிகாட்டி போர்டு பத்தல, கேட்டு கேட்டுத்தான் போகணும், எதை கேக்க கூச்சப்படுவோமோ அதையே நாலு பேர்ட்ட கேக்க வேண்டியிருக்கு. ரெண்டு, காலை ஓபி மட்டும்தான், தினக்கூலிக்கு போறவன் ஒரு நாள் சம்பளத்த விட்டாத்தான் வர முடியும், வாரத்துல ரெண்டு சாயங்காலம் தொறந்து வெச்சா எத்தனையோ பேர் வருவாங்க. மூணு, ரூமுக்குள்ள அவ்வளவு மரியாதையா நடத்திட்டு கீழ லேப்ல பேர சத்தமா கூப்டறாங்க, அங்கயும் டோக்கன் நம்பரே போதும். வார்டு பாத்ரூம் பத்தி எழுதுனா தனி ரிவ்யூ ஆயிடும், விட்டுடறேன்.

போறவங்களுக்கு: 1097ன்னு ஒரு ஹெல்ப்லைன் இருக்கு, காசு இல்ல, பேர் சொல்ல வேண்டாம், பக்கத்துல எங்க சென்டர்னு கேட்டா சொல்லுவாங்க. ஆஸ்பத்திரிக்கு நேரா போனா "சுகவாழ்வு மையம் எந்த ரூம்"னு கேட்டா போதும், வேற விளக்கம் குடுக்க தேவையில்ல. இதுவரைக்கும் கண்ணுக்கு விட்ட சொட்டு பாட்டில் அத்தனையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க, என் பாட்டில் பேர படிச்சுத்தான் ஸ்டீராய்டு விட்டத கண்டுபுடிச்சாங்க. பாப்பாவ விரிக்க சொட்டு விட்டா பல மணி நேரம் கிட்டத்துல மங்கலா தெரியும், வெயில் கூசும், வண்டி ஓட்டிட்டு போகாதீங்க, கூட ஒரு ஆளு இல்லன்னா பஸ். வைத்தியம் முடிஞ்சப்புறமும் மாசக்கணக்குல நடுநடுவுல விடிஆர்எல் எடுப்பாங்க, அந்த நம்பர் நாலுல ஒரு பங்காவாச்சும் குறையணும், எனக்கு 1:64லேருந்து 1:8க்கு வந்திருக்கு. டிபிஹெச்ஏ மட்டும் பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவ்னே காட்டும், அத பாத்துட்டு வேற எங்கயாச்சும் மறுபடி ஊசி போடணும்னு பயமுறுத்துனா பழைய டிஸ்சார்ஜ் சம்மரிய காட்டுங்க, அதுக்காகவே ஒரு ஜெராக்ஸ் எடுத்து பத்திரமா வெச்சுக்கோங்க.